வைப்பும் வட்டியும் உடைமையும்: திருகோணமலை நோக்கில் ஒரு குறிப்பு

நிலையான வைப்புகளை ஒப்பிடுவோர் பொதுவாக வட்டி வீதத்தையும் தவணையையும் மட்டுமே நோக்குவர். அப்பணம் யாருடைய ஆளுகையில் மூலதனமாகத் தொழிற்படுகிறது என்ற வினா அங்கு எழுவதில்லை. கூட்டுறவு வங்கியின் வரலாறு அவ்வினாவையே நம்முன் வைக்கிறது.

இலங்கையில் கூட்டுறவுக் கடன் இயக்கம் 1911ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தால் சட்டவடிவம் பெற்றது. கடன்பட்ட விவசாயிக்குக் குறைந்த வட்டியிற் கடன் வழங்குவது அதன் நோக்கமாயிற்று. உற்பத்தி உறவுகளை மாற்றுவது அன்று. 1961இல் கூட்டுறவுச் சமஷ்டி வங்கியின் வழித்தோன்றலாக மக்கள் வங்கி உருவாயிற்று. அரசும் கூட்டுறவுச் சங்கங்களும் அதன் பங்காளர். இன்றோ பங்குகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் அரசிடமே உள்ளது. 1964 முதல் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்களின் கீழ்க் கிராமிய வங்கிகள் தோன்றின. அவை திரட்டிய சேமிப்பில் ஒரு பகுதி கிராமத்துக்குக் கடனாகத் திரும்பாது மக்கள் வங்கியில் வைப்பாகச் சென்றது.

திருகோணமலைத் துறைமுகம் 1957 ஒக்டோபர் வரை பிரித்தானியக் கடற்படைத் தளமாக இருந்தது. துறைமுகக் கூலி, மீன்பிடி, வயல் விளைச்சல் ஆகியவை அருகருகே நிலவும் இப்பகுதியில் வருமானம் எல்லோருக்கும் ஒரே சீராக வருவதில்லை. ஓராண்டுக்குப் பணத்தை முடக்கி வைப்பது மாதச் சம்பளக்காரருக்கு எளிது. வாடைக்காலத்திற் கடல் கொந்தளிக்க, வருவாய் சுருங்கும் மீனவரோ தவணைக்கு முன்னரே வைப்பை மீளப் பெற்று வட்டியை இழக்க நேரும். ஒரே வீதம் இரு வர்க்கத்தாருக்கும் ஒரே பயனைத் தருவதில்லை.

வீதத்தின் மாயையை 2022ஆம் ஆண்டு வெளிப்படுத்தியது. ஏப்ரல் 8இல் மத்திய வங்கி கொள்கை வட்டி வீதங்களை 7 சதவீதப் புள்ளிகளால் உயர்த்தியது. ஆயினும் செப்டெம்பரிற் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 70 சதவீதத்தை அண்மித்தது. நூற்றுக்கு இருபது வட்டி பெறுபவரின் 100 ரூபா 120 ஆகும். முன்பு 100 ரூபாவுக்கு வாங்கிய பொருளோ 170 ரூபாவாகும். உயர்ந்த வட்டி பெற்றவரும் வறியவரானார்.

இன்னொன்றையும் நாம் மறத்தலாகாது. அனுமதிபெற்ற வங்கிகளின் வைப்புகளுக்குள்ள வைப்புக் காப்புறுதி கூட்டுறவுக் கிராமிய வங்கிகளுக்கு இல்லை. ஆகவே அங்கத்தவருக்கு முதற்காப்பு சங்கத்தின் ஒதுக்கு நிதியும் கணக்காய்வும் பொதுக்கூட்டமுமே. ஓர் அங்கத்தவருக்கு ஒரு வாக்கு என்ற விதி ஏட்டளவில் நின்றுவிட்டால், கூட்டுறவு வைப்பு காப்புறுதியற்ற மற்றொரு வங்கி வைப்பேயாகும். பணத்தின் போக்கை அங்கத்தவர் தீர்மானிக்கும் இடத்திலேயே கூட்டுறவு தன் பெயருக்கு உரியதாகிறது.