ஏட்டில் இல்லாத மெட்டு

ஐஸ்லாந்து மக்கள் உயிராக மதிக்கும் புத்தகம் ஒன்று உண்டு. அளவில் சிறியது, ஒரு கையில் எடுத்துக்கொண்டு நடந்துவிடலாம். 1270களில் எழுதப்பட்ட அந்தத் தோல்சுவடியில் இன்று 45 ஏடுகள் மிஞ்சியிருக்கின்றன. ஓதின், தோர் முதலிய பழைய தெய்வங்களையும், நாகத்தைக் கொன்ற சிகுர்தையும் பாடும் ‘எட்டா’ என்னும் பழம்பாடல்களில் பெரும்பாலானவை இதனால்தான் பிழைத்தன. தோல் வீணாகக் கூடாதென்று வரி பிரிக்காமல், உரைநடைபோல நெருக்கி எழுதியிருக்கிறார்கள். 1662இல் ஆயர் பிரின்யோல்ஃபுர் அதை டென்மார்க் மன்னருக்கு அனுப்பிவைத்தார். 1971 ஏப்ரல் 21 அன்று டேனிஷ் கடற்படைக் கப்பலில் அது ஊர் திரும்பியபோது, ரெய்க்யாவிக் துறைமுகத்தில் பெருங்கூட்டம் காத்து நின்றது. இத்தனை அருமையாகப் போற்றப்படும் ஏட்டில் ஒரு சுரக்குறிப்புகூடக் கிடையாது.

நான் வாய்ப்பாட்டு சொல்லிக்கொடுப்பவள். சாகித்யம் மட்டும் இருந்து மெட்டு போய்விட்டது என்றால் எனக்கு மனம் ஆறாது. அதனால்தான் செக்வென்ஷியா குழுவினர் இந்தப் பாடல்களைத் திரும்பப் பாடவைத்த விதத்தைத் தேடித்தேடிப் படித்தேன். ஒலிப்பதிவுகளை விடாமல் கேட்டேன். அமெரிக்கர்களான பெஞ்சமின் பாக்பியும் பார்பரா தார்ன்டனும் 1977இல் தொடங்கிய குழு அது. 1990களில் எட்டாவைக் கையிலெடுத்தார்கள்.

அந்தக் காலத்தில் பாட்டு எப்படிக் கைமாறியது என்பதற்குச் ‘செந்நிற எரிக்கின் கதை’ என்ற ஐஸ்லாந்துப் பழங்கதையில் ஒரு காட்சி இருக்கிறது. கிரீன்லாந்தில் பஞ்சம். குறிசொல்ல வந்தவள், தன் சடங்குக்கு வேண்டிய பாட்டு தெரிந்த பெண் யாராவது இருக்கிறாளா என்று கேட்கிறாள். குத்ரீத் என்ற இளம்பெண் மட்டும், ஐஸ்லாந்தில் தன் வளர்ப்புத்தாய் ஹால்டீஸ் கற்றுத்தந்ததாகச் சொல்கிறாள். தான் கிறிஸ்தவப் பெண் என்பதால் முதலில் தயங்குகிறாள். அந்த வீட்டின் தலைவர் வற்புறுத்தவே பாடுகிறாள். இவ்வளவு அழகாகப் பாடி யாரும் கேட்டதில்லை என்கிறது கதை. மெட்டைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. ஆனால் தாயிடம் கேட்டு மகள் மனத்தில் ஏற்றிக்கொண்ட வழி தெளிவாக இருக்கிறது.

அப்படிக் கேட்டுக் கற்றவர்களின் வரிசை அறுந்துபோன பிறகு, முதலில் நம்ப வேண்டியது செய்யுளைத்தான். எட்டாவின் நெடுவரி இரண்டு பாதியாகப் பிரியும். ஒவ்வொரு பாதியிலும் அழுத்தி ஒலிக்க வேண்டிய அசைகள் இரண்டு. இரண்டாம் பாதியின் முதல் அழுத்தம்தான் தலை. முன்பாதியின் அழுத்தங்களில் ஒன்றோ இரண்டுமோ அதனுடன் மோனை கொள்ளும். கடைசி அழுத்தம் கொள்ளாது. குறில் நெடில் வேறுபாடும் உண்டு. இன்றைய ஐஸ்லாந்திய உச்சரிப்பில் அந்தப் பழைய அளவுகள் மாறிவிட்டதால், பாக்பி அறிஞர் ஹெய்மிர் பால்சனிடம் உட்கார்ந்து பழைய உச்சரிப்பைப் பயின்றார். இந்தக் கணக்கு பிடிபட்டால் எந்த இடத்தில் குரல் ஏற வேண்டும், எங்கே மூச்சு விடலாம் என்பது ஓரளவு துலங்கிவிடும். எந்த சுரத்தில் ஏறுவது என்பதைச் செய்யுள் சொல்லாது.

அதற்கு ஒரு குறுக்கு வழியும் இருக்கத்தான் செய்தது. 1780இல் லா போர்த் பாரிசில் அச்சிட்ட இசைநூலில் ஐஸ்லாந்து மெட்டுகள் ஐந்து உள்ளன. ஒன்று உலகத் தோற்றத்தையும் அழிவையும் பாடும் வோலுஸ்பாவுக்கு உரியது. ஆனால் ஏட்டுக்கும் அந்த அச்சுக்கும் நடுவே ஐந்நூறு ஆண்டு ஓடியிருக்கிறது. அறுபதுக்கு மேற்பட்ட செய்யுள்களையும் அந்த ஒரே சிறு மெட்டில் பாடினால், கதையின் திருப்பங்கள் கேட்பவரை எட்டுமா?

செக்வென்ஷியாவுக்குக் கைகொடுத்தது ரீமுர். 14ஆம் நூற்றாண்டிலிருந்து ஐஸ்லாந்தில் வழங்கிவரும் நெடுங்கதைப் பாட்டு இது. குளிர்கால இரவுகளில் பண்ணைவீட்டார் ஒரே அறையில் கூடிக் கம்பளி நூற்பார்கள், பின்னுவார்கள். ஒருவர் விளக்கடியில் ரீமுர் பாடுவார். தேவாலயத்துக்கு இது பிடிக்கவில்லை. 1589இல் துதிப்பாடல் நூல் வெளியிட்ட ஆயர் குத்பிராந்துர் முன்னுரையிலேயே கண்டித்தார். 1746இல் அரசாணையும் இதை ஒதுக்கச் சொன்னது. இருந்தும் சனங்கள் விடவில்லை. 1929இல் ரெய்க்யாவிக்கில் இதுன் என்ற பாடகர் சங்கம் உருவாயிற்று. 1935, 1936ஆம் ஆண்டுகளில் 200 மெட்டுகளை இசைத்தட்டில் பதிந்துவைத்தார்கள்.

ரெய்க்யாவிக்கின் ஆர்னி மாக்னுசன் ஆய்வகத்தில் இத்தகைய ரீமுர் ஒலிப்பதிவுகளைப் பாக்பி ஊன்றிக் கேட்டார். ரீமுர் இயைபு போட்டு நடப்பது, எட்டாவோ அதற்கும் மூத்தது. மெட்டைத் தூக்கி அப்படியே இங்கே ஒட்டவைக்க முடியாது. அவர் எடுத்துக்கொண்டவை பிடிகள்: குரல் எந்த சுரத்தைச் சுற்றிச்சுற்றி வருகிறது, எங்கிருந்து தாவுகிறது, எதில் வந்து முடிகிறது. ஒரு ராகத்தின் பிடிகள் வசப்பட்டவர் புதுச் சாகித்யத்தை அதிலேயே விருத்தமாகப் பாடுவதுபோல, அந்தப் பிடிகளைக் கொண்டு எட்டாவைப் பாடினார். துணைக்கு அவர் மீட்டும் யாழ், தென் ஜெர்மனியின் ஓபர்ஃப்ளாஹ்ட் கல்லறையில் கிடைத்த 7ஆம் நூற்றாண்டு யாழைப் பார்த்துச் செய்தது. அதற்கு ஆறே நரம்பு. அந்த ஆறு சுரத்துக்குள் நிற்கும்போது பாட்டு கதையைவிட்டு வெளியே அலையாது.

இதுதான் பழைய பாட்டு என்று பாக்பி உரிமை கொண்டாடுவதில்லை. இப்படியும் இருந்திருக்கலாம் என்றுதான் சொல்கிறார். மீட்டுருவாக்கத்துக்கு நான் கேட்கும் முதல் தகுதி இந்த நேர்மை. எது ஏட்டிலிருந்து வந்தது, எது ரீமுரிலிருந்து வந்தது, எது பாடுகிறவரின் கற்பனை என்று பிரித்துச் சொல்லிவிட்டால், அந்தக் கற்பனையையும் நாம் மனமாரக் கேட்கலாம். ஏட்டைக் காத்த ஆயருக்கு வரலாற்றில் இடம் உண்டு. ஆயர்கள் திட்டியும் அரசு தடுத்தும் பாட்டைக் கைவிடாமல், கம்பளி நூற்ற கையோடு பிடிகளைக் காத்த பண்ணைவீட்டாருக்கும் அதே இடம் சேர வேண்டும். எட்டாவைப் பாட மேடையேறுபவர் எவரானாலும், அவர்களை முதலில் சொல்லிவிட்டுத்தான் வாய்திறக்க வேண்டும்.