நீலத் தொப்பிக்கு யார் கட்டளையிடுவது?

பரங்கிமலை முதல் பாரெங்கும் – 17

சேலையூர், மாடம்பாக்கம் பக்கம் மொட்டை மாடியில் துணி உலர்த்துகிறவர்களுக்கு பிலாட்டஸ் விமானத்தின் இரைச்சல் பழகிப்போன ஒன்று. தாம்பரம் விமானப்படைத் தளத்தில் இயங்கும் விமானப் பயிற்றுநர் பள்ளி 1954-ல் அம்பாலாவிலிருந்து இங்கே வந்தது. விமானம் ஓட்டக் கற்றுக்கொடுப்பது எப்படி என்பதைக் கற்றுக்கொடுக்கும் பள்ளி அது. நம் விமானிகளோடு நட்பு நாட்டு விமானிகளும் அங்கே படித்துப் போயிருக்கிறார்கள்.

அங்கிருந்து மின்சார ரயிலில் பரங்கிமலைக்கு வந்தால் அதிகாரிகள் பயிற்சி அகாடமி. 1963-ல் தொடங்கியது. சென்ற வாரம் நாம் பார்த்த, கம்பெனியின் மதராஸ் பீரங்கிப்படை குடியிருந்த அதே மலையடிவாரம். 2006-ல் இங்கே பயிற்சி முடித்து ராஜ்புத் ரெஜிமென்ட்டில் சேர்ந்தவர் மேஜர் முகுந்த் வரதராஜன். கிழக்குத் தாம்பரத்தின் சென்னை கிறித்துவக் கல்லூரியில் இதழியல் படித்தவர். 2014 ஏப்ரல் 25 அன்று காஷ்மீரின் சோபியான் மாவட்டத்தில் உயிர்நீத்தார். மறு ஆண்டு குடியரசு தினத்தில் அவருக்கு அசோக சக்ரா வழங்கப்பட்டது. 2024 தீபாவளிக்கு வந்த ‘அமரன்’ படம் அவர் கதையை வீடுதோறும் கொண்டுபோய்ச் சேர்த்தது.

அவர் வாழ்க்கையில் அதிகம் பேசப்படாத ஒரு பக்கம் உண்டு. காஷ்மீருக்குப் போவதற்கு முன் அவர் லெபனானில் ஐ.நா. அமைதிப்படையில் பணியாற்றினார். அங்கே இந்திய வீரனின் தோளில் மூவர்ணக் கொடி இருக்கும், தலையில் ஐ.நா.வின் நீலத் தொப்பி இருக்கும். தோள் ஒரு நாட்டுக்கும் தலை ஓர் உலக அமைப்புக்கும் சொந்தமாக இருக்கும்போது, அந்த வீரனுக்குக் கட்டளையிடுவது யார்? இந்த வாரம் அதைத்தான் பார்க்கப்போகிறோம்.

ஒரு குன்றூர், நாலு நாட்டுப் படைகள்

லெபனானுக்கான ஐ.நா. இடைக்காலப் படை 1978 மார்ச்சில் உருவானது. இந்திய பட்டாலியன் 1998-ல் அங்கே போய்ச் சேர்ந்தது. தென் லெபனானின் கிழக்கு மூலையில், ஹெர்மோன் மலையைப் பார்த்தபடி இருக்கும் எபல் எஸ்-சாக்கி என்ற சிற்றூர் அதன் இருப்பிடம். ரோந்தும் கண்காணிப்பும் அதன் முதல் வேலை. நம் படையின் கால்நடை மருத்துவர்கள் அக்கம்பக்கத்து ஊர்களின் ஆடுமாடுகளுக்கும் வைத்தியம் பார்த்தார்கள். 

2006 போருக்குப் பின் இந்தப் படை பெரிதாக்கப்பட்டு, மேற்கு, கிழக்கு என்று இரண்டு பகுதிகளாகப் பிரிக்கப்பட்டது. மேற்குக்கு இத்தாலி தலைமை ஏற்றது. கிழக்கு ஸ்பெயினிடம் போனது. கிழக்குப் பகுதியில் ஸ்பெயின், இந்தியா, இந்தோனேசியா, நேபாளம் ஆகிய நாடுகளின் வீரர்கள் அடுத்தடுத்த குன்றுகளில் இருந்தார்கள். ஆக, பரங்கிமலையில் பயிற்சி பெற்ற ஓர் அதிகாரி எபல் எஸ்-சாக்கியில் முதலில் தன் இந்திய கர்னலுக்குக் கட்டுப்பட்டவர். அந்த கர்னல் மர்ஜயூனில் இருக்கும் ஸ்பானிய ஜெனரலுக்குக் கட்டுப்பட்டவர். அவருக்கும் மேலே, கடலோர நகரமான நக்கூராவில் மொத்தப் படைக்குமான தளபதி. அந்தத் தளபதி நியூயார்க்கில் உள்ள ஐ.நா. தலைமையகத்துக்குப் பதில் சொல்ல வேண்டியவர்.

கடனாகக் கொடுத்த கட்டளை

மேலோட்டமாகப் பார்த்தால் இது ஒரே நேர்கோடு. உள்ளே இரண்டு கோடுகள் ஓடுகின்றன.

ஒரு நாடு தன் வீரர்களை அனுப்பும்போது அவர்கள் மீதான முழு அதிகாரத்தையும் ஐ.நா.விடம் ஒப்படைப்பதில்லை. ‘இந்தச் சாலையில் ரோந்து போ, இந்தச் சாவடியைக் காவல் செய்’ என்று பணிக்கும் உரிமையை மட்டும் கொடுக்கிறது. படைத்துறையில் அதற்குச் செயல்பாட்டுக் கட்டுப்பாடு என்று பெயர். ஒழுங்கு நடவடிக்கை, பதவி உயர்வு, திரும்ப அழைக்கும் உரிமை எல்லாம் தாய்நாட்டிடமே இருக்கும். ஸ்பானிய ஜெனரல் இந்திய வீரனை ரோந்துக்கு அனுப்பலாம். அவன் தவறு செய்தால் தண்டிக்க அவருக்கு அதிகாரம் இல்லை. பல நாடுகள் இதற்கு மேலும் நிபந்தனை போடும்: இந்த எல்லைக்கு அப்பால் என் ஆட்கள் போகமாட்டார்கள், இந்த வேலைக்கு எங்கள் தலைநகரைக் கேட்க வேண்டும். பல நாட்டுப் படைத் தளபதியின் கையில் இருப்பது கடனாக வந்த கட்டளை. கொடுத்தவர் எந்த நேரமும் திரும்பக் கேட்கலாம்.

இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது இப்படி ஆகக்கூடாது என்றுதான் நினைத்தார்கள். ஐ.நா. சாசனம் ஐந்து வல்லரசுகளின் முப்படைத் தலைவர்களைக் கொண்ட ராணுவ அலுவலர் குழு ஒன்றை ஏற்படுத்தியது. 1946-ல் அது கூடியது. பனிப்போர் அதை முடக்கிப்போட்டது. அதன்பின் ஒவ்வொரு நெருக்கடிக்கும் ஐ.நா. புதிதாக ஆள் சேர்த்து, புதிதாகத் தலைமையகம் அமைத்து, அது முடிந்ததும் கலைத்துக்கொண்டே வந்திருக்கிறது.

பிரசல்ஸ் கற்ற பாடம்

இந்தக் கடன் கட்டளை எப்படி முறியும் என்பதை ஐரோப்பா பொஸ்னியாவில் கண்டது. அங்கே விமானத் தாக்குதலுக்கு ஐ.நா., நேட்டோ இரண்டும் சம்மதிக்க வேண்டும். இரட்டைச் சாவி முறை என்றார்கள். இரண்டு சாவிகளும் வேண்டிய நேரத்தில் ஒன்றாகத் திரும்பவில்லை. 1995 ஜூலையில் டச்சு வீரர்களின் காவலில் இருந்த ஸ்ரெப்ரெனிட்சா வீழ்ந்தது. சுமார் 8,000 ஆண்களும் சிறுவர்களும் கொல்லப்பட்டார்கள்.

1999 டிசம்பரில் ஹெல்சிங்கியில் கூடிய ஐரோப்பிய ஒன்றியத் தலைவர்கள் தங்களுக்கென ஒரு ராணுவ அமைப்பு வேண்டும் என்று முடிவெடுத்தார்கள். 2001-ல் அது வடிவம் பெற்றது. எல்லா உறுப்பு நாடுகளின் முப்படைத் தலைவர்களும் சேர்ந்த ராணுவக் குழு ஆலோசனை சொல்லும். ராணுவ அலுவலகம் திட்டம் தீட்டும். தூதர்கள் அடங்கிய அரசியல், பாதுகாப்புக் குழு கடிவாளத்தைப் பிடித்திருக்கும். அந்த ராணுவக் குழுவின் முதல் நிரந்தரத் தலைவர் பின்லாந்தின் குஸ்தாவ் ஹாக்லுண்ட். 1986 முதல் 1988 வரை லெபனான் அமைதிப்படைக்குத் தளபதியாக இருந்தவர். 2018-ல் அதே நாற்காலிக்கு வந்த இத்தாலியின் கிளாடியோ கிராட்சியானோவும் லெபனான் படையின் முன்னாள் தளபதிதான். நக்கூராவில் பட்டறிவு பெற்ற இருவர் ஒன்றியத்தின் தலைமையிடமான பிரசல்ஸில் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார்கள்.

ஆனாலும் ஒரு குறை நெடுநாள் நீடித்தது. திட்டம் போட பிரசல்ஸில் ஆள் இருந்தார்கள், நடத்த அங்கே நிரந்தரத் தலைமையகம் இல்லை. பெரிய நடவடிக்கை என்றால் பெரும்பாலும் பிரான்ஸ், பிரிட்டன், ஜெர்மனி, இத்தாலி, கிரேக்கம் ஆகிய ஐந்தில் ஒரு நாட்டின் தலைமையகத்தை இரவல் வாங்க வேண்டும். சோமாலியக் கடற்கொள்ளையரை எதிர்த்து 2008-ல் தொடங்கிய அட்டலாண்டா நடவடிக்கை லண்டன் அருகே நார்த்வுட்டிலிருந்து நடந்தது. பிரிட்டன் ஒன்றியத்தை விட்டு வெளியேற முடிவெடுத்ததால் 2019-ல் அது ஸ்பெயினின் ரோட்டாவுக்கு மூட்டை கட்ட வேண்டியதாயிற்று. மாலி, சோமாலியா, மத்திய ஆப்பிரிக்கக் குடியரசு ஆகிய நாடுகளில் பயிற்சிக் குழுவை நடத்திய தளபதிகளின் பாடு இன்னும் சிரமம். களத்தையும் பார்க்க வேண்டும், பிரசல்ஸ் கூட்டங்களுக்கும் ஓட வேண்டும். 2017 ஜூனில்தான் அந்தப் பயிற்சிக் குழுக்களுக்கென பிரசல்ஸில் ஒரு நிரந்தரக் கட்டளை மையம் பிறந்தது.

இந்தியாவின் ஆதங்கம்

2006-ல் லெபனானுக்குப் பெரும் படை அனுப்ப ஐரோப்பிய நாடுகள் முன்வந்தபோது, பொஸ்னியாவின் வடு ஆறியிருக்கவில்லை. எங்கள் வீரர்கள் போக வேண்டுமானால் நியூயார்க்கில் எங்கள் அதிகாரிகள் இருக்கும் தனிப்பிரிவு வேண்டும் என்றார்கள். லெபனானுக்கு மட்டுமென ஒரு ராணுவப் பிரிவு ஐ.நா. தலைமையகத்தில் முளைத்தது. அப்போது ஐ.நா.வின் ராணுவ ஆலோசகராக இருந்தவர் இந்தியாவின் லெப்டினன்ட் ஜெனரல் ரந்தீர் குமார் மேத்தா. உலகம் முழுவதும் இருந்த மற்ற அமைதிப்படைகளுக்கு அவர் அலுவலகம், லெபனானுக்கு மட்டும் வேறொன்று. சில ஆண்டுகளில் அந்தப் பிரிவு கலைக்கப்பட்டது.

ஐரோப்பா கேட்டதில் தவறில்லை என்பது என் எண்ணம். தன் பிள்ளைகளை அனுப்புகிறவன் திட்டம் போடும் மேசையில் இடம் கேட்பது நியாயம். அந்த நியாயம் எல்லோருக்கும் பொது. இதுவரை 2,90,000 பேருக்கு மேல் அமைதிப் பணிக்கு அனுப்பி, சுமார் 180 பேரைப் பறிகொடுத்த நாடு இந்தியா. படை அனுப்பும் நாடுகளைக் கலந்து முடிவெடுங்கள் என்று அது நெடுங்காலமாகக் கேட்டு வருகிறது. பாதுகாப்பு கவுன்சிலின் நிரந்தர உறுப்பினர்கள் முடிவை எழுதுகிறார்கள். அதைச் சுமந்துகொண்டு குன்றேறுவது இந்திய, நேபாள, வங்கதேசச் சிப்பாய்கள்.

கலந்து பேசாததன் விலையை 2000-ல் சியரா லியோன் காட்டியது. கைலாஹுனில் 200-க்கும் மேற்பட்ட நம் வீரர்களைக் கிளர்ச்சியாளர்கள் 75 நாள் சுற்றி வளைத்து வைத்திருந்தார்கள். ஜூலை 15 அன்று ‘ஆபரேஷன் குக்ரி’ அவர்களை மீட்டது. அங்கிருந்த ஐ.நா. படையின் தளபதி இந்தியாவின் மேஜர் ஜெனரல் ஜெட்லி. படைக்குள் நைஜீரிய வீரர்களும் பெரும் எண்ணிக்கையில் இருந்தார்கள். இரு தரப்புக்கும் இடையே நம்பிக்கை முறிந்தது, ஜெட்லி எழுதிய குறிப்பு வெளியே கசிந்தது, அந்த ஆண்டே இந்தியா தன் படையைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. வீரத்தில் குறையில்லை. கொடுத்த கடனை நாடு திரும்ப வாங்கிக்கொண்டது.

தேருக்குக் கட்டை போடுகிறவர்

ஊர் கூடித் தேர் இழுக்கும்போது வடம் பிடிப்பவர்கள் ஆயிரம் பேர். திருப்பத்தில் தேரைத் திருப்புவதோ, சக்கரத்தடியில் குனிந்து கட்டை போடுகிற நாலைந்து பேர். பல நாட்டுப் படையில் அந்த இடம் ஸ்டாஃப் அதிகாரிகளுடையது. ஒருவர் ஆள் கணக்கு, ஒருவர் உளவு, ஒருவர் நடவடிக்கை, ஒருவர் தளவாடம், ஒருவர் திட்டம், ஒருவர் தகவல் தொடர்பு. ஆறு பேரும் ஆறு நாட்டுக்காரர்களாக இருக்கலாம். ஒருவர் எழுதிய வரைவை மற்றவர் அதே பொருளில் புரிந்துகொண்டால்தான் ரோந்து வண்டி கிளம்பும்.

அந்தக் கலையைக் கற்றுத்தரும் இந்தியாவின் முதன்மைக் கல்லூரி நம் நீலகிரியில், குன்னூர் அருகே வெலிங்டனில் இருக்கிறது. பிரிவினையின்போது குவெட்டாவிலிருந்த கல்லூரி பாகிஸ்தானுக்குப் போனதால் 1947-ல் இங்கே தொடங்கியது. வெளிநாட்டு அதிகாரிகளும் நம்மவர்களோடு ஒரே வகுப்பில் படிக்கிறார்கள். பின்னாளில் ஏதோ ஒரு பாலைவனக் கூடாரத்தில் அவர்கள் சந்திக்கும்போது, கட்டளைக் கடிதத்துக்கு முன்பே பழக்கம் வந்து நிற்கிறது.

லெபனான் படையை 2026 டிசம்பர் 31-உடன் முடித்துக்கொள்ள ஐ.நா. பாதுகாப்பு கவுன்சில் 2025 ஆகஸ்டில் தீர்மானித்தது. எபல் எஸ்-சாக்கியின் குன்றில் கொடி இறங்கலாம். தாம்பரத்துப் பிள்ளைகள் இன்னொரு நாட்டுக் குன்றில் நீலத் தொப்பி அணியும் நாள் வராமல் போகாது. அன்று அவர்களுக்கான கட்டளையை எழுதும் மேசையில் அவர்களை அனுப்பிய நாட்டுக்கும் ஒரு நாற்காலி இருக்க வேண்டும். முகுந்தைப் போன்றவர்களை வளர்த்துக் கொடுத்த ஊர் அதைக் கேட்கலாம். கேட்கவும் வேண்டும்.

(தொடரும்)

அடுத்த வாரம்: கொரியப் போர்க்களத்துக்கு மருந்துப் பெட்டியோடு போன இந்திய மருத்துவப் படை.