‘லெட்’: ஒரு வடிவில் இரு வினைகள்

இந்தியக் கடவுச்சீட்டின் ஆங்கில வேண்டுகோள், அதனை உடையவரை ‘வித்தவுட் லெட் ஆர் ஹிண்ட்ரன்ஸ்’ செல்லவிடுமாறு கேட்கிறது. இங்கு ‘லெட்’ என்பதை அனுமதி எனக் கொள்ளும் மொழிபெயர்ப்பாளர், ‘அனுமதியோ தடையோ இன்றி’ என எழுதிப் பொருளைக் குலைத்துவிடுவார். இத்தொடரில் அச்சொல்லுக்குத் தடை என்பதே பொருள். விடுத்தலும் தடுத்தலும் ஒரே வடிவத்தில் வந்தமைந்தது எவ்வாறு?

பழைய ஆங்கிலத்தில் இவை இரு வேறு வினைகள். ‘லேட்டன்’ விட்டுவிடுதலையும் இசைவளித்தலையும் குறித்தது. ‘லெட்டன்’ தாமதப்படுத்துதலையும் தடுத்தலையும் குறித்தது. பின்னது, ‘மெதுவான’ எனப் பொருள்பட்ட ஒரு பெயரடையினின்று பிறந்தது. இன்றைய ‘லேட்’ அப்பெயரடையின் வழிவந்ததே. தளர்தலைக் குறித்த ஒரே வேரினின்று இவ்விரு வினைகளும் கிளைத்தன என்பர். டச்சு மொழியில் ‘லாட்டன்’, ‘பெலெட்டன்’ என இவை இன்றும் வடிவால் வேறுபட்டு நிற்கின்றன. ஆங்கிலத்திலோ முதல் வினையின் நெட்டுயிர் குறுகியதும், ஈற்றசைகள் மறைந்ததும் அவ்வேறுபாட்டை அழித்துவிட்டன.

தடுத்தற்பொருள் வழக்கிழந்தமைக்கு ஒப்பொலி மோதலைக் காரணமாகக் கூறுவது மரபு. ஆயினும் இரு வினைகளும் ஒரே வடிவில் நெடுங்காலம் உடன் வழங்கின. தொடரமைப்பு அவற்றைப் பிரித்துக் காட்டியதே இதற்குத் துணைநின்றது எனலாம். இசைவுப்பொருளில் செயப்படுபொருளை அடுத்து ‘டு’ இல்லாத வினையெச்சம் வரும். தடுத்தற்பொருளில் அவ்வெச்சம் வேண்டப்படுவதில்லை. தந்தையின் ஆவியைப் பின்தொடரவிடாது தன்னைப் பற்றி நிறுத்துவோரை நோக்கி ஹாம்லெட் இவ்வினையை ஆளுமிடத்தில் வினையெச்சம் இல்லை. 1611ஆம் ஆண்டின் ஆங்கில விவிலியத்தில் ரோமர் 1:13, 2 தெசலோனிக்கேயர் 2:7 ஆகிய இடங்களிலும் இதே நிலைதான். 1881இல் வெளிவந்த திருத்திய புதிய ஏற்பாடு, இவ்விடங்களில் தடுத்தலை ஐயமின்றி உணர்த்தும் வேறு வினைகளைப் பெய்தது. பழைய சொல் பொதுவாசகர்க்கு எதிர்ப்பொருள் தரத் தொடங்கியிருந்தமையை இம்மாற்றம் காட்டுகிறது.

இன்று தடைப்பொருள், பெயர்ச்சொல்லாக மேற்கூறிய சட்டத்தொடரில் எஞ்சியுள்ளது. டென்னிசில் பந்து வலையைத் தொட்டு உரிய கட்டத்தில் விழுங்கால் எழும் ‘லெட்’ என்னும் அறிவிப்பும் இதன்பாற்பட்டதாகவே பொதுவாகக் கருதப்படுகிறது. ஆதலின் பழைய நூல்களைப் பெயர்ப்போர் அகராதியின் முதற்பொருளோடு நின்றுவிடாது, எச்சம் உளதா என நோக்குதல் வேண்டும்.

கடவுச்சீட்டுத் தொடருக்கோ தமிழில் பொருத்தமான இணைமொழி முன்னரே உண்டு: ‘தங்குதடையின்றி’. தாமதமும் தடையும் இணைந்த ஆங்கிலச் சொல்லின் பழம்பொருளை, தங்குதலும் தடையும் இணைந்த இத்தமிழ் வழக்கு குறைவின்றித் தருகிறது.