சேப்பாக்கத்துக் கைத்தட்டல்



"டீச்சர், ஏழாம் வகுப்பில் கரும்பலகையில் கிரிக்கெட் ஸ்கோரை எழுதிப் போட்டு சராசரி கணக்கு நடத்தினீர்களே, அந்தக் கிரிக்கெட் பைத்தியம் உங்களுக்கு எங்கிருந்து வந்தது?" என்று பழைய மாணவன் ஒருவன் போன வாரம் போனில் கேட்டான். போனில் சொல்லி முடிகிற பதில் இல்லை. அதனால் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான். பொறுமையாகப் படியுங்கள்.

ஒரு வரியில் சொன்னால், வீட்டிலிருந்து வந்தது. ஆனால் கும்பகோணம் பக்கத்தில் ஒரு சிறிய ஊரில், மைதானத்தையே பார்க்காத எங்கள் வீட்டுக்குள் அது எப்படி வந்தது என்று சொல்ல வேண்டுமானால், சென்னை சேப்பாக்கத்திலிருந்துதான் தொடங்க வேண்டும்.

மெட்ராஸ் கிரிக்கெட் கிளப் 1846இல் தொடங்கப்பட்டது. ஆற்காடு நவாபின் சேப்பாக்கம் அரண்மனைக்குப் பக்கத்தில் இருக்கும் மைதானத்துக்கு அவர்கள் வந்தது 1865 வாக்கில். அது வெள்ளைக்காரர்களின் கிளப். இந்தியர்கள் அங்கே விளையாடப் போனாலும் பெவிலியனுக்குள் கால் வைக்க முடியாது. மர நிழலில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். அதைப் பொறுக்காதவர் புச்சி பாபு நாயுடு. நம் ஆட்களுக்கென்று மெட்ராஸ் யுனைடெட் கிளப்பைத் தொடங்கினார். உள்ளூர் இளைஞர்களைத் தேடிப் பிடித்து, மட்டையும் பந்தும் கொடுத்துப் பழக்கினார். ஐரோப்பியர்களும் இந்தியர்களும் மோதுகிற பிரசிடென்சி மேட்ச் என்ற யோசனையும் அவருடையதுதான். 1908இல் அவர் இறந்துவிட்டார். ஆனால் அந்த ஆட்டம் பின்னாளில் நிலைபெற்றது. பொங்கல் விடுமுறையை ஒட்டி அது நடந்ததால் பொங்கலுக்கும் கிரிக்கெட்டுக்கும் ஒரு முடிச்சு விழுந்தது. "பொங்கல் டெஸ்ட்" என்று பின்னால் நாங்கள் சொன்னோமே, அதன் வேர் அங்கே இருக்கிறது.

இந்த ஆட்டம் தமிழ்நாட்டில் குடும்பம் குடும்பமாகத்தான் வளர்ந்தது. புச்சி பாபுவின் மகன் சி. ராமஸ்வாமி டென்னிஸில் டேவிஸ் கோப்பைக்கும் ஆடினார், 1936இல் கிரிக்கெட் டெஸ்டிலும் ஆடினார். அப்போது அவருக்கு வயது 40. ரஞ்சிக் கோப்பையின் முதல் ஆட்டம் 1934 நவம்பர் 4 அன்று சேப்பாக்கத்தில் மெட்ராஸுக்கும் மைசூருக்கும் நடந்தது. ஒரே நாளில் முடிந்தும் போனது. அதில் மெட்ராஸ் அணிக்காக 11 விக்கெட் எடுத்தவர் ஏ. ஜி. ராம்சிங். பஞ்சாபி வேர் கொண்ட மெட்ராஸ்காரர். அவருடைய பிள்ளைகள் கிருபால் சிங்கும் மில்கா சிங்கும் இந்தியாவுக்காக டெஸ்ட் ஆடினார்கள். கிருபால் சிங் 1955இல் தன் முதல் டெஸ்டிலேயே சதம் அடித்தவர்.

ஆடுகிறவர்களின் குடும்பங்களைப் பற்றிப் புத்தகங்களில் எழுதியிருக்கிறார்கள். பார்க்கிறவர்களின் குடும்பங்களைப் பற்றி, அதிலும் கேட்கிறவர்களின் குடும்பங்களைப் பற்றி யார் எழுதினார்கள்? அதனால்தான் நான் எழுதுகிறேன்.

1952 பிப்ரவரியில் இந்தியா தன் முதல் டெஸ்ட் வெற்றியைப் பெற்றது. 1932இலிருந்து ஆடிக்கொண்டிருந்த நமக்கு அது 25ஆவது டெஸ்ட். இடம் சேப்பாக்கம், எதிரணி இங்கிலாந்து, தலைவர் விஜய் ஹசாரே. வினு மன்கட் இரண்டு இன்னிங்ஸிலும் சேர்த்து 12 விக்கெட் எடுத்தார். பங்கஜ் ராயும் உம்ரிகரும் சதம் அடித்தார்கள். ஒரு இன்னிங்ஸும் 8 ரன்னும் வித்தியாசம். ஆட்டம் தொடங்கிய நாளில்தான் இங்கிலாந்து மன்னர் ஆறாம் ஜார்ஜ் இறந்த செய்தி வந்தது. அப்பா அப்போது படித்துக்கொண்டிருந்த பையன். திருவல்லிக்கேணியில் இருந்த எங்கள் அத்தை வீட்டில் தங்கி, ஒரு நாள் ஆட்டத்தை நேரில் பார்த்தவர். அதைச் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். எங்கள் வீட்டுக் கிரிக்கெட் அந்த ஒரு நாள் டிக்கெட்டில் வந்ததுதான்.

நான் கேட்டு வளர்ந்தது வானொலியில். இப்போதுள்ள பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்: அப்போது வானொலிப் பெட்டிக்கு லைசென்ஸ் உண்டு, வருடா வருடம் தபால் ஆபீஸில் பணம் கட்ட வேண்டும். பெட்டியைத் திருகினால் உடனே பாடாது. வால்வு சூடேறும்வரை காத்திருக்க வேண்டும். வர்ணனை ஆங்கிலத்தில் வரும். அனந்த் சேதல்வாட், சுரேஷ் சரையா என்று பெயர்கள் எல்லாம் எங்களுக்குப் பாடம். அம்மா ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தவர். ஆங்கிலம் தெரியாது. அப்பா ஓவருக்கு ஓவர் தமிழில் சொல்வார். அம்மா பால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் ரன்னைக் கோடு போட்டுக்கொண்டே வருவார். நாலு கோடு கிழித்துக் குறுக்கே ஒரு கோடு போட்டால் ஐந்து. நான் கூட்டல் பழகியது அந்தப் பக்கத்தில்தான் என்று சொன்னால் மிகையில்லை.

1975 ஜனவரி. பொங்கலுக்கு மூன்று நாள் முன்னால், 11ஆம் தேதி, மேற்கிந்தியத் தீவுகளுடன் டெஸ்ட் தொடங்கியது. முதல் இரண்டு டெஸ்டிலும் தோற்று, கல்கத்தாவில் ஜெயித்து வந்திருந்தோம். ஆண்டி ராபர்ட்ஸ் அன்றைக்கு 7 விக்கெட் எடுத்தார். இந்தியா 190க்குச் சுருண்டது. அந்த 190இல் விஸ்வநாத் மட்டும் 97, ஆட்டமிழக்கவில்லை. கடைசியாக வந்த சந்திரசேகர் போனதும் சதம் நின்றுவிட்டது. அம்மா பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, "மூணு ரன்னுக்கு ஒருத்தன் கூட நிக்கலியே" என்றார். பிறகு பிரசன்னாவும் பேடியும் சுழற்றியதில் 100 ரன் வித்தியாசத்தில் ஜெயித்தோம். தொடர் இரண்டுக்கு இரண்டு ஆனது. அந்தப் பொங்கலுக்கு எங்கள் வீட்டில் கரும்பு இரண்டு கட்டு வந்தது.

அந்த ஆட்டத்துக்கு அண்ணன் போயிருந்தான். அத்தை வீட்டிலிருந்து மைதானத்துக்கு நடக்கிற தூரம். தயிர்சாதப் பொட்டலத்தோடு காலையிலேயே போய் வரிசையில் நின்றானாம். நானும் வருகிறேன் என்று கேட்டதற்கு, "பொம்பளப் புள்ளைய அந்தக் கும்பல்ல எப்படி விடறது?" என்றார் அப்பா. அப்பா அன்பில்லாதவர் இல்லை. ஆட்டத்தின் ஒவ்வொரு நுணுக்கத்தையும் எனக்குச் சொல்லிக் கொடுத்தவரே அவர்தான். கால் தவறினால் எல்பிடபிள்யூ எப்படி, கூக்ளி எந்தப் பக்கம் திரும்பும் என்று எலுமிச்சம்பழத்தை வைத்துக் காட்டியவர். ஆனாலும் வாசற்படியில் ஒரு கோடு இருந்தது. ஆட்டம் எங்களுக்கு உண்டு, மைதானம் கிடையாது.

ஆனால் அந்தக் காலத்திலேயே பெண்கள் மைதானத்தில் ஆடிக்கொண்டிருந்தார்கள். இந்திய மகளிர் கிரிக்கெட் சங்கம் 1973இல் உருவானது. 1976இல் மேற்கிந்தியத் தீவுகள் மகளிர் அணி இங்கே வந்து டெஸ்ட் ஆடியது. அதில் ஒன்று சேப்பாக்கத்தில். அந்தத் தொடரில் பாட்னாவில் நம் பெண்கள் முதல் டெஸ்ட் வெற்றியைப் பெற்றார்கள். தலைவி சாந்தா ரங்கசாமி, சென்னையில் பிறந்தவர். அடுத்த ஆண்டு நியூசிலாந்தில் சதம் அடித்து, டெஸ்டில் சதம் அடித்த முதல் இந்தியப் பெண் ஆனார். ஆண்கள் அணிக்கு முதல் வெற்றி வர 20 ஆண்டு ஆனது. பெண்கள் அணிக்கு அந்த முதல் தொடரே போதுமானதாக இருந்தது. இதை நான் தெரிந்துகொண்டது ஆசிரியர் பயிற்சிக்குப் போன பிறகு, விடுதியில் கிடந்த ஒரு பழைய பத்திரிகையைப் படித்து. எங்கள் வீட்டு வானொலியில் அந்தப் பெயர் வந்ததே இல்லை.

1980களில் ஒரு பெரிய மாற்றம் வந்தது. வானொலியில் தமிழ் வர்ணனை. அப்துல் ஜப்பார், கூத்தபிரான் போன்றவர்களின் குரலைக் கேட்டவர்களுக்குத் தெரியும், அது எவ்வளவு பெரிய விஷயம் என்று. அதுவரை அப்பா சொன்னால்தான் அம்மாவுக்கு ஆட்டம். இப்போது அவரே நேராகக் கேட்டார். அடுக்களையில் தோசை வார்த்துக்கொண்டே, கூடத்தில் இருக்கும் அப்பாவுக்கு, "விக்கெட் போயிடுச்சு, கவனிக்கலியா?" என்று குரல் கொடுத்தார். ஒரு மொழி ஒரு வீட்டுக்குள் என்ன செய்யும் என்பதை நான் பயிற்சி வகுப்பில் படித்ததைவிட அந்தக் குரலில் நன்றாகப் புரிந்துகொண்டேன். தமிழ்வழிக் கல்விக்காக நான் பின்னாளில் எத்தனையோ கூட்டங்களில் பேசியிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் மனதில் அம்மாவும் அந்த டிரான்சிஸ்டரும்தான்.

1986 செப்டம்பர் 22, திங்கட்கிழமை. ஆஸ்திரேலியாவுடன் ஐந்தாம் நாள் ஆட்டம். அந்த வெயிலில் டீன் ஜோன்ஸ் வாந்தி எடுத்துக்கொண்டே 210 அடித்து, பிறகு மருத்துவமனைக்குப் போனார். கபில்தேவ் 119 அடித்தார். கடைசி நாளில் நமக்கு இலக்கு 348. கடைசி ஓவரில் 4 ரன் தேவை, ஒரே விக்கெட் பாக்கி. சாஸ்திரி மூன்று ரன் எடுத்துச் சமன் செய்தார். ஐந்தாவது பந்தில் மணிந்தர் சிங் எல்பிடபிள்யூ. 347. டை! 1960இல் பிரிஸ்பேனில் நடந்ததற்குப் பிறகு டெஸ்ட் வரலாற்றில் இரண்டாவது டை. இன்றுவரை மூன்றாவது இல்லை. பிரிஸ்பேனில் ஆடிய பாப் சிம்ப்சன், சேப்பாக்கத்தில் ஆஸ்திரேலிய அணியின் பயிற்சியாளர். பள்ளி விட்டு ஓட்டமாக வீட்டுக்கு வந்தேன். "யாரும் ஜெயிக்கல, யாரும் தோக்கல, இப்படியும் ஒரு முடிவு உண்டா?" என்று அம்மா வாசலிலேயே கேட்டார். மறுநாள் வகுப்பில் அதையே பாடமாக்கினேன்.

இனி நான் சொல்ல நினைத்த முக்கியமான நாள். 1999 ஜனவரி 31, ஞாயிறு. பாகிஸ்தானுடன் டெஸ்ட். கார்கில் போர் சில மாதங்களில் வரப்போகிற நேரம். அந்த அணி இங்கே ஆடவே கூடாது என்று எதிர்ப்பும் இருந்தது. இலக்கு 271. ஐந்து விக்கெட் 82க்குப் போய்விட்டது. முதுகு வலியோடு டெண்டுல்கர் நின்றார், மோங்கியா துணை நின்றார். 136 ரன் அடித்த டெண்டுல்கர் அவுட் ஆகும்போது தேவை 17 ரன்தான். கடைசி மூன்று விக்கெட்டும் 4 ரன்னில் விழுந்தன. 12 ரன்னில் தோற்றோம்.

எங்கள் வீட்டில் தொலைக்காட்சி முன்னால் பத்துப் பதினைந்து பேர். அண்ணன் மகன் எழுந்து போய்ப் பட்டென்று டிவியை அணைத்தான். அப்பா போய் மூன்று வருடம் ஆகியிருந்தது. அம்மா நாற்காலியிலிருந்து, "போடுறா அதை. ஜெயிச்சவன் சுத்தி வருவான். பாக்க வேணாமா?" என்றார். போட்டான். வாசிம் அக்ரமின் அணி மைதானத்தைச் சுற்றி ஓடியது. சேப்பாக்கம் மொத்தமும் எழுந்து நின்று கை தட்டிக்கொண்டிருந்தது.

அந்தக் கைத்தட்டலைப் பற்றி உலகமே எழுதியது. அந்த வீரர்களே பல வருடம் கழித்தும் அதை நினைவுகூர்ந்தார்கள். "விவரம் தெரிந்த ரசிகர்கள்" என்று சேப்பாக்கத்துக்குப் பெயர். அந்த விவரம் எங்கிருந்து வந்தது? மைதானத்தில் உட்கார்ந்தால் மட்டும் வந்துவிடுமா? ராபர்ட்ஸின் பந்துவீச்சைத் திட்டாமல் "என்ன வேகம்டா" என்று வியந்த அப்பா, எதிரணி ரன்னையும் அதே நோட்டில் அதே அளவுக் கோடாகப் போட்ட அம்மா, இப்படி ஆயிரம் வீடுகள் அந்தக் கூட்டத்துக்குப் பின்னால் இருந்தன. எழுந்து நின்றவர்கள் மைதானத்தில் இருந்தவர்கள். எழுந்து நிற்கக் கற்றுக் கொடுத்தவர்களில் பலர் டிக்கெட்டே வாங்காதவர்கள். இதுதான் நான் சொல்ல வந்தது.

அம்மா கடைசிவரை சேப்பாக்கத்தைப் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். பணி ஓய்வுக்குப் பிறகு, 2024 ஜூன் 30 அன்று, பத்து வயதுப் பேத்தியைக் கூட்டிக்கொண்டு போனேன். இந்திய மகளிர் அணிக்கும் தென்னாப்பிரிக்காவுக்கும் டெஸ்ட். முதல் நாளிலேயே நம் பெண்கள் 525 ரன் அடித்திருந்தார்கள். ஷஃபாலி வர்மா 205, ஸ்மிருதி மந்தனா 149. 603க்கு டிக்ளேர், மகளிர் டெஸ்டில் அதுவே அதிகபட்ச ஸ்கோர். நாங்கள் போன மூன்றாம் நாளில் ஸ்னே ராணா தன் எட்டாவது விக்கெட்டை எடுத்தார். ஃபாலோ ஆன் ஆடிய தென்னாப்பிரிக்காவின் சுனே லூஸ் மத்தியானத்துக்கு மேல் சதம் அடித்தார். பேத்தி எழுந்து நின்று கை தட்டினாள். பக்கத்தில் இருந்த பையன் ஒருவன், "அது அவங்க டீம்" என்றான். "தெரியும், செஞ்சுரி போட்டிருக்காங்கல்ல" என்று சொல்லிவிட்டு மறுபடியும் தட்டினாள். நான் அவளுக்கு எதுவும் சொல்லவில்லை. சொல்லிக் கொடுத்ததாக ஞாபகமும் இல்லை. வீட்டில் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள்.

2025 நவம்பர் 2 அன்று ஹர்மன்பிரீத் கௌர் அணி உலகக் கோப்பையை வென்றபோது, எங்கள் வீட்டு ஆண்கள் எல்லாரும் தூங்காமல் உட்கார்ந்திருந்தார்கள். தீப்தி சர்மா ஐந்தாவது விக்கெட்டை எடுத்தபோது அண்ணன்தான் முதலில் கத்தினான். 1975இல் என்னை விட்டுவிட்டு வரிசையில் போய் நின்றவன். எழுபது வயது அவனுக்கு.

பால் கணக்கு நோட்டு இப்போது இல்லை. வீடு மாறும்போது எங்கோ போய்விட்டது. பேத்தி மொபைலில் ஸ்கோர் பார்க்கிறாள். அதனால் என்ன? உங்கள் வீட்டில் ஒரு குழந்தை உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து ஆட்டம் பார்த்தால், எதிரணி நன்றாக ஆடும்போது நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்பதைக் கவனியுங்கள். அவர்கள் அதைத்தான் குறித்துக்கொள்கிறார்கள்.

உங்கள் வீட்டில் இந்த ஆட்டத்தை முதலில் சொல்லிக் கொடுத்தவர் யார்? நேரம் கிடைக்கும்போது எழுதுங்கள். டீச்சர் எல்லாவற்றையும் படிப்பேன்.