ஊட்டுப்புரையிலிருந்து சாயக்கடைக்கு: நாஞ்சில் நாட்டில் வெளியில் உண்ணும் வழக்கத்தின் வரலாறு

பத்மநாபபுரம் அரண்மனையைப் பார்க்க வருகிறவர்கள் ஊட்டுப்புரையில் அதிக நேரம் நிற்பதில்லை. இரண்டு தளங்கள், நீளமான வெறும் கூடங்கள், ஊறுகாய் போட்டு வைத்த பெரிய சீனப் பரணிகள். ஏறத்தாழ ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் உட்கார்ந்து உண்ணக்கூடிய இடம் அது. திருவிதாங்கூர் அரசு கோயில்களையும் பெருவழிகளையும் ஒட்டி நடத்திய ஊட்டுப்புரைகளில் சாப்பாட்டுக்கு விலை கிடையாது, சாதி உண்டு. நாள்தோறும் பிராமணர்களுக்குச் சோறிட்ட இந்த ஏற்பாட்டால் ராஜ்யத்துக்குத் தரும பூமி என்ற பெயர் கிடைத்தது. அதையே 1871இல் தம் நூலுக்குத் தலைப்பாக்கிய மிஷனரி சாமுவேல் மேட்டீர், அந்தத் தருமம் யார் இலையில் விழுந்தது என்பதையும் சொல்லத் தவறவில்லை.

காப்பிக்கடை வரலாறு எழுதுகிறவர்கள் காப்பிக்கொட்டையில் தொடங்குவது வழக்கம். நாஞ்சில் நாட்டுக்குப் பந்தியில் தொடங்குவதே பொருந்தும் என்பது இக்கட்டுரையின் வாதம். எந்தத் தெருவில் யார் நடக்கலாம், யார் பக்கத்தில் யார் உட்காரலாம் என்ற வழக்குகள் ஒவ்வொன்றாகத் தீரத் தீரத்தான் இங்கே கடைக்கு ஆள் வந்தது.

அந்த வழக்கை முதலில் பந்தியிலேயே வைத்துத் தொடுத்தவர் அய்யா வைகுண்டர் (1809–1851). சாமித்தோப்பில் எல்லாச் சாதியாரும் ஒரே கிணற்றில் நீர் மொண்டு, ஒன்றாக உட்கார்ந்து உண்டார்கள். ஊர்தோறும் எழுந்த நிழல் தாங்கல் என்னும் வழிபாட்டிடங்களிலும் சோறு கொடுத்தார்கள். அரண்மனை ஊட்டுப்புரைக்கு நேர் எதிரான ஊட்டுப்புரை என்று இதைச் சொல்லலாம். கடை இன்னும் வரவில்லை. கடைக்கு வேண்டிய பழக்கம் இங்கே உண்டாகிவிட்டது.

காப்பிச் செடியும் அந்த நூற்றாண்டிலேயே வந்தது. 1860களில் அசம்பு மலைச் சரிவுகளில் துரைமார் தோட்டம் போட்டார்கள். தென் திருவிதாங்கூர்க் கூலியாட்கள் இலங்கைத் தோட்டங்களுக்கும் போனார்கள். 1869இல் இலங்கையில் தலைகாட்டிய இலைத்துரு நோய் அடுத்த இருபது ஆண்டுகளில் அந்தக் காப்பி யுகத்தையே முடித்துவைத்தது. ஆனால் மலையில் விளைந்தது கப்பலேறியது. அடிவாரத்தில் அதைக் குடித்தவர் குறைவு. பனையேறிக்குக் காலையில் அக்கானி எனப்படும் பதநீர், வயற்காரருக்குப் பழங்கஞ்சி. சுக்கும் மல்லியும் கருப்பட்டியும் கொதித்த சுக்குக்காப்பியில் காப்பித்தூளே தேவையில்லை. தேயிலைக் கம்பெனிகளின் பிரசாரம் 20ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் ஊர் ஊராக வந்த பிறகுதான் 'சாயா' ஏழையின் பானமானது. ஆகவே செடிக்கும் கடைக்கும் நேர்க்கோடு போடுவது பிழை.

தெரு வழக்குக்கு வருவோம். பொதுச் சாலைகள் எல்லாருக்கும் திறந்தவை என்று திருவிதாங்கூர் அரசு 1865இலேயே அறிவித்தது. கோயிலைச் சுற்றிய தெருக்களுக்கு அது செல்லாது என்று ஒரு வியாக்கியானமும் கூடவே ஒட்டிக்கொண்டது. 1926இல் டாக்டர் எம்.இ. நாயுடு முன்னின்ற சுசீந்திரம் சத்தியாகிரகம் அந்தத் தெருக்களுக்காகத்தான். 1936 நவம்பர் 12இல் கோயில் நுழைவுப் பிரகடனம் வந்தது. தெருவில் நடக்க முடியாதவர் தெருமுனைக் கடைக்கு எப்படி வருவார்? கடைகள் பெருகிய காலத்தையும் இந்தப் போராட்டங்களின் காலத்தையும் பிரித்துப் படிக்க முடியாது.

என்றாலும் கடை பிறந்ததுமே சமத்துவம் பிறந்துவிட்டது என்று எழுதுவது நம் எழுத்தாளர்களுக்குப் பிடித்த மிகை. துளு நாட்டிலிருந்து கோயில் பூசைக்கு வந்த போத்திமாரின் இனத்தார் நடத்திய 'போத்தி ஓட்டல்' சைவச் சாப்பாட்டுக்குப் பெயர் வாங்கியது. பிராமணர் சமைத்தது என்பதே அதன் விளம்பரம். மறுபக்கம், தலித்துகளுக்குச் சிரட்டையிலும் தனிக் குவளையிலும் ஊற்றிக் கொடுத்த கடைகள் தமிழகமெங்கும் இருந்தன. கடைகளிலும் உணவகங்களிலும் யாரையும் தடுக்கக் கூடாது என்று அரசியல் சாசனத்தின் 15ஆம் பிரிவு 1950இல் சொன்னது. 1955இன் தீண்டாமைச் சட்டம் அதைக் குற்றமாக்கியது. தனிக் குவளை அதற்குப் பிறகும் பல ஊர்களில் தாக்குப்பிடித்தது.

ஊட்டுப்புரையின் தருமம் சாதியைக் கழற்றிவிட்டுக் கடைக்குள் வந்தால் எப்படியிருக்கும்? ஜெயமோகனின் 'சோற்றுக்கணக்கு' காட்டுவது அதைத்தான். ஒசரவிளையிலிருந்து திருவனந்தபுரத்துக்குப் படிக்கப்போன ஏழைப் பையனுக்குக் கெத்தேல் சாகிப்பின் கடை கணக்குப் பார்க்காமல் சோறு போடுகிறது. காசு கேட்பதில்லை, உண்டியலில் போட்டால் சரி. புனைவுதான் என்றாலும் திருவனந்தபுரத்தின் சாலைக் கம்போளம் என்ற சந்தையில் கடை நடத்திய கெத்தேல் சாகிப் உண்மையில் வாழ்ந்தவர்.

கடைகள் எங்கே முளைத்தன என்பதற்குப் போக்குவரத்து பதில் சொல்லும். தமிழகத்தின் பல ஊர்களில் ரயிலடிதான் காப்பிக்கும் இட்லிக்கும் முதல் சந்தை. கன்னியாகுமரி மாவட்டத்துக்கு ரயில் வந்ததோ 1979இல். அதற்கு 41 ஆண்டுகள் முன்பே, 1938 பிப்ரவரி 20இல், திருவிதாங்கூர் அரசின் பேருந்து திருவனந்தபுரம்–கன்னியாகுமரி சாலையில் ஓடத் தொடங்கிவிட்டது. மார்த்தாண்டம், தக்கலை, வடசேரி, கோட்டாறு என்று பஸ் நின்ற இடமெல்லாம் பாய்லர் கொதித்தது. இங்கே 'ஜங்ஷன்' என்றால் நாலு சாலை கூடுமிடம். அதன் மூலையில் ஒரு சாயக்கடை நிச்சயம். 1949 வரை அந்தக் கடைகளின் கல்லாப்பெட்டியில் விழுந்தவை திருவிதாங்கூரின் சக்கரமும் காசும்.

பாய்லருக்குப் பக்கத்துப் பெஞ்சில் பத்திரிகை வந்து உட்கார்ந்தது. ஒருவர் உரக்க வாசிக்க மற்றவர்கள் கேட்பார்கள். தமிழ்ப் பகுதிகளைத் தாய்த் தமிழகத்தோடு இணைக்கக் கோரிய போராட்டம் சூடேறிய காலம் அது. நாஞ்சில் நாட்டுக்காரர் டி.வி. ராமசுப்பையர் 1951இல் திருவனந்தபுரத்திலிருந்து 'தினமலர்' தொடங்கியதும், 1954 ஆகஸ்ட் 11இல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூடு நடந்ததும், 1956 நவம்பர் 1இல் நான்கு தாலுகாக்கள் கன்னியாகுமரி மாவட்டமாகத் தமிழகத்தோடு சேர்ந்ததும் கடைப் பெஞ்சுகளில் அலசப்படாமல் போயிருக்க வழியில்லை.

மாவட்டம் ஒன்றானாலும் இலை ஒன்றாகவில்லை. நாஞ்சில் நாடு எனப்பட்ட தோவாளையும் அகஸ்தீஸ்வரமும் நெல் விளையும் மண்; 1906இல் முடிந்த பேச்சிப்பாறை அணை அதற்குப் பலம் சேர்த்தது. இங்கே தோசை, இட்லி, காப்பி. மேற்கே கல்குளமும் விளவங்கோடும் மரச்சீனி என்ற மரவள்ளி விளையும் மண். 1942இல் பர்மா ஜப்பானியர் கைக்குப் போய் அரிசி வரத்து நின்றபோது மரச்சீனிக்கிழங்கே திருவிதாங்கூரின் வயிற்றைக் காத்தது. பஞ்சம் போன பிறகும் கிழங்கும் மீன்கறியும் அந்தப் பக்கத்துக் கடைகளை விட்டுப் போகவில்லை. புட்டு, பயறு, பப்படம், புரோட்டா, மாட்டிறைச்சி வறுவல், கட்டன் சாயா எல்லாம் அங்கே சாதாரணம்.

கிழக்குக்கென்று ஒரு தனி முத்திரை கேட்டால் ரசவடையைத்தான் காட்டுவேன். பருப்புவடையைச் சுடச்சுட ரசத்தில் போடுகிறார்கள். மேல் மொறுமொறுப்பு முழுதும் போவதற்குள், உள்ளே மிளகும் புளியும் இறங்கியிருக்க வேண்டும். அந்தப் பதம் கொஞ்ச நேரந்தான். ஆகவே தோசைக்குத் தொட்டுக்கொள்ள வாங்கினால் வடையைத்தான் முதலில் பிய்க்க வேண்டும். தலைக்கு மேல் மட்டி வாழைக்குலையோ ஏத்தன் வாழைக்குலையோ தொங்கும். கேட்காமலே பிய்த்துத் தின்றுவிட்டுக் கடைசியில் எண்ணிக்கையைச் சொல்லலாம், கடைக்காரர் நம்புவார்.

இந்த வரலாற்றில் பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் எல்லாரும் ஆண்கள். ஆப்பத்துக்கு மாவாட்டியதும் புட்டுக்கு மாவிடித்ததும் பெரும்பாலும் கடைக்காரர் வீட்டுப் பெண்களே. அவர்கள் கடையில் உட்கார்ந்து சாயா குடித்ததில்லை. பிறகு ஓட்டல்களில் ஃபேமிலி ரூம் வந்தது. கணவனோ பிள்ளையோ கூட வந்தால் திரைக்குப் பின்னால் ஓர் இடம். கல்லூரிப் பெண்கள் தங்களுக்குள் கூட்டமாக வந்து மேசை பிடித்தது அண்மைக் காலத்துப் பேக்கரிகளில்தான். ஜங்ஷன் சாயக்கடையில் அவர்கள் இன்றும் பார்சல்தான் வாங்குகிறார்கள்.