விரால் புண்ணும் மரக்காணத்து உப்பும்

மரக்காணம் உப்பளங்களைத் தாண்டும்போதெல்லாம் எனக்கு விரால் மீன்தான் ஞாபகம் வரும். 1988-ல் வடகிழக்கு வழியா இந்தியாவுக்குள் வந்த புண்நோய், விரால் தோலில் செம்புள்ளியாக ஆரம்பித்து சதையைக் குடைந்தது. மீன் வாங்கவே சனம் பயந்தது. தென்கிழக்கு ஆசியாவில் நோயுற்ற விராலில் ராப்டோவைரஸ் கிடைத்திருந்ததால் சந்தேகம் அதன் மேல் விழுந்தது. ஆனால் எல்லாப் புண்ணிலும் வைரஸ் அகப்படவில்லை. சதைக்குள் ஓடும் பூஞ்சை மாதிரியான இழைதான் தவறாமல் இருந்தது. (பக் தேடுகிறவர்களுக்கு இந்தப் பாடு புரியும்: லாக்கில் கண்ணில் பட்டதெல்லாம் காரணம் ஆகாது.) 1990களில்தான் அஃபனோமைசிஸ் இன்வேடன்ஸ் என்று உறுதியானது. தோலைக் காயப்படுத்தி அதற்கு வழிவிடுபவற்றில் வைரஸும் ஒன்றாக இருக்கலாம், அவ்வளவுதான்.

அதற்கு உப்பு ஆகாது. ஆஸ்திரேலியக் கழிமுகங்களில் பெருமழை பெய்து உப்பு குறைந்த பிறகுதான் மடவைக்கு இதே புண் வருகிறது. கழுவெளியில் மழைத்தண்ணி நிறையும் மாதங்களில் மடவையின் தோலை நான் உற்றுப் பார்ப்பது அதனால்தான்.