ஆராய்ச்சிக்கு கையெழுத்து கேட்கும் நர்ஸ்... போடும் முன் நீங்கள் கேட்க வேண்டியது என்ன?

"அக்கா, பிரஷர் பார்த்துடலாம். அப்படியே சில கேள்வி கேட்கிறோம். இந்த ஃபார்ம்ல மட்டும் ஒரு கையெழுத்து போடுங்க."

உத்திரமேரூர் பக்கத்து கிராமம் ஒன்றில், உங்கள் வீட்டு வாசலில் இப்படி ஒரு குரல் கேட்கலாம். பி.எஸ்சி, எம்.எஸ்சி நர்சிங் படிப்பில் ஆராய்ச்சியும் ஒரு பகுதி என்பதால், மாணவிகள் கிராமங்களுக்கு வருவது வழக்கம்தான். ஆனால், அந்த கையெழுத்து எதற்கு?

சிகிச்சை வேறு, ஆராய்ச்சி வேறு

2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், சுகர், பிரஷர் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. அது அரசின் சேவை, உங்கள் உடம்புக்காக நடப்பது. ஆராய்ச்சி அப்படி இல்லை. உங்களிடம் எடுக்கும் தகவலை வைத்து பொதுவான ஒரு கேள்விக்கு விடை தேடுகிறார்கள். அதனால் உங்களுக்கு நேரடி பலன் இருக்கலாம், இல்லாமலும் போகலாம்.

சிக்கலே இங்கேதான். குழந்தைக்கு தடுப்பூசி போட்ட அதே நர்ஸம்மா ஃபார்மை நீட்டினால், "மாட்டேன்னு எப்படி சொல்றது, அப்புறம் மாத்திரை தருவாங்களா?" என்ற தயக்கம் வரும். தருவார்கள், தந்தே ஆக வேண்டும். ஐ.சி.எம்.ஆர் 2017-ல் வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறைகளின்படி, ஆய்வில் சேர மறுத்தாலும், பாதியில் விலகினாலும் வழக்கமான சிகிச்சை நிற்கக் கூடாது.

"எங்க வீட்டுக்கு மட்டும் ஏன்?"

பல ஆய்வுகளில் வீடுகளை குலுக்கல் முறையில் எடுப்பார்கள். உத்திரமேரூர்காரர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. பராந்தக சோழன் காலத்து குடவோலை கல்வெட்டு இருக்கும் ஊர் இது. தெரிந்தவர், வேண்டியவர் என்று ஆள் பார்த்து எடுத்தால் முடிவு ஒருபக்கமாகிவிடும்.

சிகிச்சையையே குலுக்கலில் பிரிப்பதும் உண்டு. 1968-ல் பழைய செங்கல்பட்டு மாவட்டத்தில் தொடங்கிய பி.சி.ஜி ஆய்வில் இரண்டரை லட்சத்துக்கும் அதிகமானோர் இருந்தனர். சிலருக்கு தடுப்பூசி, சிலருக்கு மருந்து இல்லாத ஊசி. யாருக்கு எது என்று ஊசி போட்டவருக்கே தெரியாது. 15 ஆண்டு கண்காணிப்புக்குப் பிறகு கிடைத்த விடை, பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை அந்த ஊசி தடுக்கவில்லை என்பதே. (சிறு குழந்தைகளுக்கு வரும் கடுமையான காசநோயைத் தடுக்க, பிறந்ததும் பி.சி.ஜி போடுவது இன்றும் தொடர்கிறது. அதை தவிர்த்துவிடாதீர்கள்.)

சம்மதத்தை வேறொருவர் தர முடியுமா?

2009-ல் அன்றைய ஆந்திராவின் கம்மம் மாவட்டத்தில், 10 முதல் 14 வயது சிறுமிகளுக்கு எச்.பி.வி தடுப்பூசி போடும் ஆய்வுத் திட்டம் நடந்தது. பல சிறுமிகளின் சம்மதப் படிவத்தில் பெற்றோருக்குப் பதில் விடுதி வார்டன்களும் தலைமை ஆசிரியர்களும் கையெழுத்து போட்டிருந்தது பின்னர் தெரியவந்தது. திட்டம் 2010-ல் நிறுத்தப்பட்டது. சில சிறுமிகளின் மரணத்துக்கு தடுப்பூசி காரணமாக இருக்க வாய்ப்பில்லை என்றது அரசின் விசாரணைக் குழு. ஆனால் சம்மதம் வாங்கிய விதத்தை 2013-ல் நாடாளுமன்றக் குழு கடுமையாக கண்டித்தது. ஊசி நல்லதா கெட்டதா என்பது ஒரு கேள்வி, கேட்காமல் போட்டது தனி தவறு.

ஊராட்சித் தலைவர் ஓகே சொன்னாலும் உங்கள் சம்மதம் தனியாக வேண்டும். 18 வயதுக்கு உட்பட்டவர் என்றால் பெற்றோர் சம்மதிக்க வேண்டும், 7 வயதைத் தாண்டிய பிள்ளையிடமும் கேட்க வேண்டும். கையெழுத்து போடத் தெரியாதவர் கைநாட்டு வைக்கலாம். ஆனால் ஆய்வுக் குழுவைச் சேராத, படிக்கத் தெரிந்த ஒரு சாட்சி பக்கத்தில் இருந்து, ஃபார்ம் முழுவதும் படித்துக் காட்டப்பட்டதா என்று பார்க்க வேண்டும்.

இதையெல்லாம் கேளுங்க

இது எதற்கான ஆய்வு? ரத்தம் எடுப்பீங்களா, கேள்வி மட்டுமா? என் பெயர் வெளியே வருமா? பாதிப்பு வந்தால் யார் பார்ப்பது? நெறிமுறைக் குழு அனுமதி இருக்கா? இந்தக் குழுவின் தலைவர் அந்த நிறுவனத்தைச் சேராதவராக இருக்க வேண்டும், மருத்துவம் சாராத சாமானியர் ஒருவரும் அதில் இருப்பார்.

தகவல் தாள் தமிழில் இருக்க வேண்டும், ஒரு நகல் உங்கள் கைக்கு வர வேண்டும். ஆய்வாளர், நெறிமுறைக் குழு இரண்டு தரப்பின் தொடர்பு எண்ணும் அதில் இருக்கும். இல்லையென்றால், "வீட்ல கேட்டுட்டு நாளைக்கு சொல்றேம்மா" என்று அனுப்பி வைக்கலாம்.